நட்சத்திர அட்டவணையைக் கழற்றிவிடுங்கள்

கேள்வி

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வசிக்கிறோம். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். கணவர் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேவாக விட்டிருக்கிறோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு ஐந்தரை, கடைக்குட்டிப் பெண்ணுக்கு 3. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். பிள்ளைகளுக்கு வீட்டு வேலை பழக்கலாம் என்று ஜூன் மாதம் ஃப்ரிட்ஜில் ஓர் அட்டவணை ஒட்டினேன். ஆளுக்கு ஏழு வேலை, செய்தால் ஒரு ஸ்டார், 20 ஸ்டார் சேர்ந்தால் பரிசு. மூன்று வாரம் அமோகமாக ஓடியது. பிறகு மகன், "தட்டு எடுத்து வச்சா எத்தன ஸ்டாரு?" என்று பேரம் பேச ஆரம்பித்தான். கடைக்குட்டி ஒன்றும் செய்யாமலே ஸ்டாரை ஒட்டிக்கொள்கிறாள். இப்போது மூத்தவள் மட்டும்தான் செய்கிறாள், அதுவும் அழுதுகொண்டே. "ஆம்பளப் பிள்ளைய வெளக்குமாறு தூக்க வைக்காத" என்கிறார் மாமியார். மகனிடம் ஒரு வேலை சொன்னால் பாதியில் மறந்துவிடுகிறான்; கவனக் குறைபாடோ என்று பயமாக இருக்கிறது. தினமும் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். எந்த வயதுக்கு எந்த வேலை கொடுப்பது? காசு கொடுக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு தாய், நாயுடுபுரம்

பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த பின்னும் மனதில் தங்கியது மூத்தவளின் அழுகைதான். அதற்கு வருகிறேன். முதலில் அந்த அட்டவணையை இன்று இரவே கழற்றிவிடுங்கள். அது மூன்று வாரத்தில் படுத்துவிட்டதற்கு உங்கள் கண்டிப்புக் குறைவோ பிள்ளைகளின் சோம்பலோ காரணமில்லை. பரிசு பேசி வேலை வாங்கினால் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும்.

1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு நர்சரிப் பள்ளியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைய ஏற்கெனவே ஆசைப்படும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு முன்னால் எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவுமே இல்லை. சில நாள் கழித்து அதே பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துக் கவனித்தபோது, பரிசு பேசி வரைந்த பிள்ளைகள் மற்ற இரண்டு குழுக்களைவிட ஏறத்தாழப் பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். ஆசையாகச் செய்ததை நாமே கூலி வேலையாக்கிவிட்டோம். கூலி நின்றால் வேலையும் நிற்கும். உங்கள் மகன் கேட்ட பேரத்தில் தவறே இல்லை. நாம் கற்றுக்கொடுத்த கணக்கை அவன் சரியாகப் போட்டிருக்கிறான்.

2008இல் வார்னெக்கனும் டொமசெல்லோவும் இதை இன்னும் சின்னக் குழந்தைகளிடம் பார்த்தார்கள். 20 மாதக் குழந்தைகள், எதிரே இருக்கும் பெரியவர் எதையாவது கீழே தவறவிட்டால் தாமாகவே எடுத்துக் கொடுக்கும். எடுத்துக் கொடுத்ததற்கு ஒவ்வொரு முறையும் பொம்மைப் பரிசு பெற்ற குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின. இரண்டு வயதுகூட நிரம்பாத பிள்ளைக்கு உதவும் ஆசை இருக்கிறது என்பதை நீங்கள் ஆய்வைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. நீங்கள் வாசல் கூட்டும்போது விளக்குமாற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறாளே உங்கள் கடைக்குட்டி, அந்த ஆசைதான் உங்களிடம் இருக்கும் மூலதனம். அதைக் கரைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் சொந்த ஊர் பண்ணைக்காடு. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் எங்கள் வீட்டுக் களத்தில் கொட்டை காயும். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பத்தா ஒரு வேலையை என் பெயருக்கு எழுதிவைத்த மாதிரிச் சொன்னார்: "மேகம் எறங்குச்சுன்னா தார்ப்பாய இழுத்து மூடுறது ஒன் வேல." மலையில் மேகம் சொல்லிக்கொண்டா வருகிறது? விளையாட்டின் நடுவே ஒரு கண் எப்போதும் எதிர் மலையில் இருக்கும். ஒரு நாள் மறந்துவிட்டேன், பாதிக் களம் நனைந்துவிட்டது. அப்பத்தா திட்டவில்லை. "வா, திரும்பக் கெளறி விடுவோம்" என்று என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளறினார். மறுநாளும் அது என் வேலையாகவே இருந்தது. இன்றைக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக, பிள்ளைகளோடு வேலை செய்யும்போது, அவர் செய்ததில் இருந்த நுட்பம் எனக்குப் புரிகிறது. வேலை ஒன்றே ஒன்று. அது வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. அதைத் தொடங்கிவைத்தது கடிகாரமோ யாருடைய குரலோ இல்லை, மேகம்.

உங்கள் வீட்டிலும் இந்த மூன்றையும் கொண்டுவரலாம். ஆளுக்கு ஏழு வேலை வேண்டாம், 21 வேலைகளைக் கண்காணிப்பதே உங்களுக்கு இன்னொரு உத்தியோகமாகிவிடும். ஆளுக்கு ஒன்று போதும். அந்த ஒன்று செய்யாமல் விட்டால் வீடு ஒரு கணமாவது நிற்க வேண்டும். பொம்மையைத் துடைத்து அடுக்கு என்று சொன்னால், அது ஒப்புக்குச் சொன்ன வேலை என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடும். தட்டு வராவிட்டால் யாரும் சாப்பிட முடியாது. இந்த வித்தியாசம் ஐந்தரை வயதுக்கு நன்றாகப் புரியும்.

ஆகவே மகனுக்கு இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டும் டம்ளரும் எடுத்து வைக்கும் வேலை. எவர்சில்வர் தட்டுகளை அவன் கைக்கு எட்டும் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சோறு இறக்கியதும் குக்கர் மூடி திறக்கும் சத்தம்தான் அவனுக்கு மேகம். "ஆறரை மணிக்கு" என்று சொல்லாதீர்கள், மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு ஆறரை என்பது அம்மாவின் குரல்தான். கடைக்குட்டிக்கு, வெளியே போய் வந்ததும் கழற்றும் சாக்ஸை வாசலோரக் கூடையில் போடும் வேலை. அவளுடையதை மட்டும் அல்ல, எல்லாருடையதையும். கொடைக்கானல் வீட்டில் ஈர சாக்ஸ் எங்கெங்கே கிடந்து நாறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வயதுக்கு இது நல்ல வேலை. எடுத்துப் போடுவதில் தொடங்கி எடுத்துப் போடுவதிலேயே முடிந்துவிடுகிறது.

மூத்தவளுக்கு என்ன வேலை என்பதை அவளையே கேளுங்கள். எட்டு வயதில் அரிசி அளந்து களைந்து வைக்கலாம் (குழாய்த் தண்ணீர் ஐஸாக இருக்கும், கொஞ்சம் வெதுவெதுப்பாகக் கலந்து கொடுங்கள்), காய்ந்த துணியை மடித்து ஆள்வாரியாகப் பிரிக்கலாம், பக்கத்தில் நீங்கள் இருந்தால் பீன்ஸ் நறுக்கலாம். ஆனால் அதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்: "நீ இத்தன நாளா எல்லார் வேலையும் சேத்துச் செஞ்சுட்ட, அம்மா கவனிக்காம விட்டுட்டேன்." அவள் அழுவது வேலைக்காக இல்லை. தன் வேலையையும் செய்து, தம்பி விட்டதையும் செய்து, கடைசியில் அதுதான் வழக்கம் என்று வீடு எடுத்துக்கொண்டதற்காக. அவளை மற்ற இரண்டு பேருக்கும் மேஸ்திரியாகவும் வைக்காதீர்கள். "தம்பி செஞ்சானான்னு பாரு" என்று அவளிடம் சொல்லும் வழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி, பெரும்பாலான வீடுகளில் இடறும் இடம். வேலையைச் சொல்கிறோம், கற்றுக்கொடுப்பதில்லை. "கம்பளிய மடிச்சு வை" என்பது நமக்கு ஒரு வேலை. ஐந்தரை வயதுப் பிள்ளைக்கு அது ஐந்தாறு வேலை: கம்பளியைக் கட்டிலில் விரிப்பது, ஓரத்தைக் கண்டுபிடிப்பது, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடிப்பது, எதிர் முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, மறுபடி மடிப்பது, தூக்கித் தலைமாட்டில் வைப்பது. இரண்டாவது படியிலேயே அவன் தொலைந்துவிடுவான், நாம் மறதி என்போம்.

எங்கள் துறையில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுப்பது. முதல் வாரம் விரிப்பதிலிருந்து மடிப்பது வரை நீங்களே அவன் பார்க்க நிதானமாகச் செய்யுங்கள். தூக்கித் தலைமாட்டில் வைப்பது மட்டும் அவன். அடுத்த வாரம் கடைசி மடிப்பும் அவன், வைப்பதும் அவன். அதற்கடுத்து கடைசி மூன்று. முன்னாலிருந்து கற்றுக்கொடுத்தால் பிள்ளை சிக்கலான இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்க, மீதியை நாம் பிடுங்கி முடிப்போம். பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு நாளும் வேலை முடிவது அவன் கையில். "முடிச்சிட்டேம்மா" என்று அவன் சொல்வது பொய்யாக இருக்காது. பெரிய இரட்டைக் கம்பளி வேண்டாம், அவன் போர்த்துகிற சின்னதில் தொடங்குங்கள். டிபன் பாக்ஸ் கழுவ, ஷூ லேஸ் கட்ட, பள்ளிப் பை அடுக்க என்று எல்லாவற்றுக்கும் இதே வழி செல்லும்.

அவன் மடித்தது கோணலாகத்தான் இருக்கும். அப்படியே விட்டுவிடுங்கள். அவன் அந்தப் பக்கம் போனதும் பிரித்து மறுபடி மடிக்கும் கை எனக்கும் உண்டு. பிள்ளைகள் அதைப் பார்த்துவிடுவார்கள், ஒருமுறை பார்த்தால் போதும். எப்படியும் அம்மா திரும்பச் செய்யத்தானே போகிறார் என்ற எண்ணம் வந்துவிட்டால் அதை எடுப்பது கடினம். பாராட்டும் பெரிதாக வேண்டாம். "சூப்பர், சமர்த்து" என்பதைவிட "தட்டெல்லாம் வந்துருச்சு, உக்காருங்க சாப்பிடலாம்" என்ற வாக்கியம் அவன் வேலைக்குத் தரும் மரியாதை அதிகம். ஒரு நாள் தட்டு வரவில்லையென்றால் கத்தாமல் எல்லாரும் சோற்றுப் பானையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு நிமிடம் காத்திருங்கள். ஒரு முறை விரலால் அலமாரியைக் காட்டலாம். பள்ளிவிட்டுப் பசியோடு வரும் நேரத்தில் மட்டும் எதையும் எதிர்பார்க்காதீர்கள். முதலில் வயிற்றுக்கு, பிறகுதான் வேலை.

இதையெல்லாம் சொல்லும்போது நம் ஊரில் தங்கியிருந்த ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். 1907இல் ரோம் நகரில் தொழிலாளர் குடியிருப்புக் குழந்தைகளுக்காகத் தன் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இருந்தபோது கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்து, இங்கே பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கற்பித்தார். கூட்டுவது, துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது எல்லாம் அவர் முறையில் பாடங்கள். அதற்காக அவர் முதலில் மாற்றியது சாமான்களை: குழந்தையின் உயரத்துக்கு மேசை, குழந்தையின் கைக்கு விளக்குமாறு, எட்டும் உயரத்தில் அலமாரி. நீங்களும் அதையே செய்யலாம். ஒரு பூந்துடைப்பத்தின் காம்பைப் பாதியாக வெட்டிவிடுங்கள். ஸ்வெட்டர் மாட்டும் கொக்கிகளை அவர்கள் நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்கள். பத்து நாள் கத்தியதை ஒரு கொக்கி முடித்துவைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டிய துடைப்பம் மகன் கைக்கும் போக வேண்டும். இங்கே உங்கள் மாமியாரோடு வாதாடச் சொல்ல மாட்டேன், ஆனால் விட்டுக்கொடுக்கவும் சொல்ல மாட்டேன். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 6 வயதிலிருந்தே ஆட்களைக் கணக்கில் எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் கை வைத்த பெண்கள் 100க்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். கை வைத்தவர்களிலும் பெண்கள் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். உங்கள் இரண்டு மூத்த பிள்ளைகளும் இப்போது அந்தக் கணக்கின் வாசலில் நிற்கிறார்கள். மூத்தவள் எந்தப் பக்கம் போகப் பழகிக்கொண்டிருக்கிறாள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

மாமியாரிடம் போகும் வழி வேறு. அவரை எதிர்த்தரப்பாக நிறுத்தாமல் வாத்தியாராக்குங்கள். "அத்தை, இவனுக்கு பட்டர் பீன்ஸ் உரிக்கச் சொல்லித் தாங்க, எங்கிட்ட உக்கார மாட்டேங்கறான்" என்று கேட்டுப் பாருங்கள். தோலைப் பிளந்து கொட்டையைத் தள்ளும்போது ஒரு கை பிடிக்கிறது, மறு கை பிரிக்கிறது; இரண்டும் வேறு வேறு வேலை செய்து ஒத்துப்போக வேண்டும். விரல் நுனிகளுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நானே கண்டுபிடிக்க முடியாது, பென்சில் பிடிக்கும் கைக்கு அது உதவும் என்று அவரிடம் சொல்லுங்கள். பேரனின் கையெழுத்துக்காக என்றால் மறுக்கும் அப்பத்தாவை நான் இதுவரை பார்த்ததில்லை. பூம்பாறைப் பூண்டை மட்டும் சின்ன விரல்களிடம் கொடுக்க வேண்டாம், காரம் ஏறி எரியும். கடைக்குட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் கொட்டை வாய்க்கும் மூக்குக்கும் போகாமல் ஒரு கண் இருக்கட்டும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வேலை வேண்டும், பிள்ளைகள் கண்முன் நடப்பதாக. காலையில் ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்கும்போது மகனைக் கூட்டிக்கொள்ளலாம், நல்லது. ஆனால் ஜீப் ஆண் வேலை, சமையலறை பெண் வேலை என்று அதிலும் கோடு விழுந்துவிடக் கூடாது. சாப்பிட்ட இடத்தை அவர் துடைக்கட்டும், தினமும். சீசனில் இரவு பத்து மணிக்கு வருகிறவர் என்றால் காலை டிபனுக்குப் பிறகு. ஐந்தரை வயதுப் பையன் அப்பாவைப் பார்ப்பதுபோல் எந்த அட்டவணையையும் பார்ப்பதில்லை.

ஹோம்ஸ்டேவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் அறை காலியாகி அடுத்த ஆள் வருவதற்குள் ஆள் போதாத நேரத்தில், மூத்தவளைத் தலையணை உறை மாற்றக் கூப்பிடத் தோன்றும். கூப்பிடாதீர்கள். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத உதவியைச் சட்டம் அனுமதிக்கிறது என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் உண்டு. என் கவலை சட்டத்தைப் பற்றியது அல்ல. தன் வீட்டுச் சோற்றுக்கு அரிசி களைவதும், காசு கொடுத்துத் தங்குகிறவரின் படுக்கையைச் சரிசெய்வதும் ஒரே வேலை இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் அவளிடம் கொடுத்தால், வீட்டு வேலையின் மேலும் வியாபாரத்தின் அவசரம் வந்து ஏறிக்கொள்ளும். அந்நியர் தங்கும் அறைக்குக் குழந்தை தனியாகப் போவதும் எனக்குச் சம்மதமில்லை.

காசு கேட்டீர்கள். வீட்டு வேலைக்குக் காசு வேண்டாம். கைச்செலவுக்குக் கொடுப்பதென்றால் மூத்தவளுக்கு வாரம் ஒரு சின்னத் தொகை, வேலையோடு முடிச்சுப் போடாமல், ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அவளே எண்ணிக் கொடுத்து மீதி வாங்கட்டும்.

மகனின் மறதியை இப்போதைக்குக் குறைபாடு என்று எண்ண வேண்டாம். "மேல போய் சாக்ஸ் எடுத்து, ஸ்வெட்டர் மாட்டி, பாட்டிலையும் கொண்டு வா" என்ற மூன்று கட்டளையில் ஒன்றைத் தொலைப்பது அந்த வயதின் இயல்பு. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். வகுப்பிலும் விளையாட்டிலும் இதே தொல்லை இருப்பதாக ஆசிரியரும் சொன்னால், பொத்தான் போடவும் ஸ்பூன் பிடிக்கவும் வயதுக்கு மீறித் திணறினால், மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டி வளர்ச்சி மதிப்பீடு கேளுங்கள்.

செய்ய வேண்டாதவை சில. வெந்நீர் ராடு, கொதிக்கும் வாளி, கணப்புச் சட்டி, ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் எதுவும் இவர்கள் வேலைப் பட்டியலுக்குள் வரக் கூடாது. இருட்டிய பிறகு குப்பை கொட்டவும் அனுப்பக் கூடாது. நாயுடுபுரத்தில் காட்டுமாடு எந்த நேரம் எந்தச் சந்தில் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எத்தனை நாளில் பழகும் என்பதற்கு 21 நாள் என்று எங்கும் சொல்கிறார்கள், அதை நம்பித்தான் உங்கள் மூன்று வாரம் உங்களைச் சோர்வாக்கியிருக்கும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 ஆகும் என்று கணக்கிட்டார்கள். அவர்கள் பெரியவர்கள், பிள்ளைகளுக்கு நாம் இன்னும் தாராளமாக இருக்க வேண்டும். அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. ஆகவே காய்ச்சல், கல்யாணம், சீசன் என்று நாள் தவறினால் மறுநாள் அங்கேயே தொடருங்கள். மூன்று மாதம் வரை வேலையை மாற்றவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கைக்கு வந்த பிறகு பிள்ளைகளே சலித்துக்கொண்டு "வேற வேல குடு" என்பார்கள், அப்போது மாற்றுங்கள்.

இந்த ஞாயிறு சந்தையில் ஒரு மூங்கில் கூடை வாங்குங்கள், கடைக்குட்டியே தூக்கும் அளவில். திங்கள் மாலை அது வாசலில் இருக்கட்டும். மற்ற இருவரின் வேலையை ஒரு வாரம் கழித்துத் தொடங்குங்கள், முதல் வாரம் அவளுடையது மட்டும்.